வீணை நரம்பும் தியான முயற்சியும்

"முயன்று அமர்ந்தால் மனம் ஓடுகிறது, முயலாமல் அமர்ந்தால் தூக்கம் வருகிறது. இவ்விரண்டில் எது ஐயா தியானம்?"

பம்பலப்பிட்டியில் நம் அயல்வீட்டிலுள்ள மாணவர் ஒருவர் சென்ற மாதம் நம்மிடம் இவ்வாறு கேட்டார். உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்துகொண்டிருப்பவர். விடியற்காலை நான்கரை மணிக்கு எழுந்து, பாயை விரித்து, முதுகை நிமிர்த்திப் பல்லைக் கடித்துக்கொண்டு இருபது நிமிடம் அமர்கிறாராம். எழும்போது தலைவலி ஒன்றே மிஞ்சுகிறதாம். தாயாரோ, "தம்பி, மனத்தைப் போட்டு ஏன் இப்படி வதைக்கிறாய்? கோயிலுக்குப் போய்ச் சும்மா இருந்துவிட்டு வா" என்கிறாராம்.

பரீட்சைக் காலத்துப் பிள்ளை ஒருவனின் கேள்விதானே என்று நாம் தட்டிக்கழித்திருக்கலாம். ஆனால், இதே கேள்வியைக் குறித்துச் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கற்றறிந்த துறவிகள் ஏடெழுதி வாதிட்டிருக்கிறார்கள். அவ்வாதத்தின் ஒரு கட்சி நின்ற இடம் இந்தப் பிள்ளையின் வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே இருக்கிறது. நம்மவருள் இதனை அறிந்தோர் மிகச் சிலரே.

காலி வீதியின் இரைச்சலைப் பற்றிப் பம்பலப்பிட்டிக்காரருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஒரு புறம் கடலோரத்து இரயில் பாதை; மறுபுறம் ஓயாத வாகன ஓட்டம். அதன் நடுவிலேதான் பழைய கதிரேசன் கோயிலும் புதிய கதிரேசன் கோயிலும் நிற்கின்றன. ஆடிவேல் விழாவிற் செட்டியார்தெருவிலிருந்து புறப்படும் வேல் இரதம் நாடிவரும் ஊரும் இதுவே. அக்கோயில்களுக்குப் போய்வரும் நம்மவர் வஜிரா வீதியிலே திரும்பிப் பார்ப்பது அருமை. திரும்பினால் வஜிராராம விகாரையைக் காணலாம்.

1955இல் மறைந்த பெலேனே வஜிரஞான மகாநாயக்க தேரரின் காலத்தில் இவ்விகாரை ஒரு பள்ளியாகவே விளங்கிற்று. ஆங்கில நூல்களாலும் சொற்பொழிவுகளாலும் கடல்கடந்து பெயர் பெற்ற நாரத தேரரும் பியதஸ்ஸி தேரரும் இங்கிருந்தவர்கள். இங்கிலாந்திலிருந்து வந்து பிக்குவான ஞாணமோலி 1950இல் உபசம்பதை பெற்றது இங்கேதான். விசுத்திமக்கம் என்னும் பெருநூலை அவர் ஆங்கிலத்திற் பெயர்த்து, அது 1956இற் கொழும்பில் அச்சாயிற்று.

நம் கதைக்கு முக்கியமானவர் சோம தேரர். இவர் 1898இற் கொட்டாஞ்சேனையில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்திற் பிறந்தவர். விக்டர் இம்மானுவேல் பெரேரா புள்ளே என்பது இயற்பெயர். ஈற்றிலுள்ள 'புள்ளே' நம் 'பிள்ளை'தான் என்பதை வாசகர் கண்டுகொள்வர். 1930களில் இவரும், பின்னாளிற் கேமிந்த தேரராகிய இவர் நண்பரும் ஜப்பானுக்குச் சென்று, முழு வடிவிற் சீன மொழியில் மட்டுமே எஞ்சியிருந்த விமுத்திமக்கம் என்ற பழந் தியான நூலை, எஹாரா என்னும் ஜப்பானியத் துறவியோடு சேர்ந்து மொழிபெயர்த்தனர். 1936இற் பர்மாவிலே துறவு பூண்டனர். தியானத்தைப் பற்றி அரைகுறையாய்ப் பேசுகிறவர் என்று சோமரை எவரும் சொல்ல இயலாது.

வாதம் எழுந்தது எவ்வாறு? 1955இற் பர்மாவிலிருந்து, மகாசி சயாதோ என்னும் பெரியாரின் முறையைக் கற்பிக்கச் சில துறவிகள் இலங்கைக்கு வந்தனர். அடுத்த ஆண்டு தெல்கொடைக்கு அண்மையிலுள்ள கந்துபொடையில் அம்முறைக்கென ஒரு தியான நிலையம் தோன்றிற்று. 1956 என்றதும் தமிழருக்கு நினைவில் எழுவது சிங்களம் மட்டும் சட்டமே. ஆயினும் பௌத்தருக்கு அது புத்த ஜயந்தி ஆண்டு, நாடெங்கும் சமய எழுச்சி பொங்கிய காலம். அந்த எழுச்சியிலே, தியானம் காட்டுத் துறவிக்கு மட்டும் உரியதா, கந்தோரில் வேலை பார்ப்பவருக்கும் உரியதா என்ற ஆவலும் மக்களிடையே பிறந்திருந்தது.

பர்மிய முறை அந்த ஆவலுக்கு விடையாக வந்தது. அமர்ந்திருப்பவர் தம் வயிறு மூச்சினால் உயர்வதையும் தாழ்வதையும் கவனிக்க வேண்டும். 'உயர்கிறது', 'தாழ்கிறது' என்று மனத்துள்ளே குறித்துக்கொள்ள வேண்டும். மனம் வேறெங்காவது போனால் 'நினைக்கிறது' என்று குறிக்க வேண்டும். கால் வலித்தால் 'வலிக்கிறது'. நடக்கையிலே தூக்குவது, நகர்த்துவது, வைப்பது எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். முதலிலே மனத்தை ஒரே பொருளில் நிறுத்தி ஆழ்ந்த ஒருமைப்பாட்டை, அதாவது ஜானம் அல்லது தியானநிலை எனப் பாளி நூல்கள் கூறும் சமாதியை, அடைந்த பின்னரே ஆராய்ச்சிக்கு இறங்கவேண்டும் என்ற நிபந்தனை இதில் இல்லை. கணத்துக்குக் கணம் பிடிக்கும் கவனமே போதிய சமாதி என்றனர். சில வார விடுமுறை கிடைக்கும் ஓர் எழுதுவினைஞரும் இதிலே இறங்கலாம்.

வஜிராராமத்தார் இதனை ஒப்பவில்லை. சோமரும் கேமிந்தரும், வைத்தியராயிருந்து பிற்காலத்தில் துறவு பூண்ட காசியப்ப தேரரும் வெளிப்படையாக எழுதினர். காசியப்பரின் பெயரால் 1957இற் கட்டுரைகளும் கடிதங்களும் தொகுக்கப்பெற்று நூலாயின. மூச்சை நாசி நுனியிற் கவனிக்கச் சொல்வதல்லவா மரபு, வயிற்றிற் கவனிக்க எங்கே சொல்லியிருக்கிறது என்பது ஒரு குற்றச்சாட்டு. அமைதியைப் பயிலாமலே மெய்யறிவை நாடுவது அடித்தளமின்றி மாடி கட்டுவதாகும் என்பது மற்றொன்று. அந்நிலையங்களிற் சிலருக்கு உடல் ஆடுவதும் நடுங்குவதும் கண்டு, இது புத்தர் காட்டிய வழியின் அறிகுறியன்று என்றும் கூறினர். பர்மியத் தரப்பினர், வயிற்றின் அசைவைக் கவனிப்பது மூச்சுத் தியானமன்று, அது வாயு என்னும் பூதத்தைக் கவனிப்பதே என மறுமொழி கூறினர். சோமர் 1960இற் காலமான பின்னரும் வாதம் அடங்கவில்லை. 1966 முதல் கேமிந்த தேரரும் பர்மாவின் ஞாணுத்தர சயாதோவும் ஒரு பௌத்த ஏட்டிலே தொடர்ந்து மோதினர்.

மேலோட்டமாகப் பார்த்தால், பழைய வழி கடினமானது, புதிய வழி இலகுவானது என்று தோன்றும். கந்துபொடையைக் குறுக்குவழி என்றவரும் உண்டு. ஆனால் நடைமுறையை நோக்கினால் நிலைமை தலைகீழாகிறது. மகாசி முறையில் விழித்த கணத்திலிருந்து உறங்கும்வரை குறிப்பை விடக்கூடாது. உண்ணும் கவளமும் தப்பக்கூடாது. உறக்கமும் சில மணி நேரமே. இது சோம்பேறியின் வழியன்று. பழைய முறையிலோ ஒரு நாளில் இத்துணை நெருக்கடி இராது. ஆனால் அது ஆண்டுக்கணக்கிற் பொறுமையைக் கேட்கும். ஒன்று முயற்சியைச் சில வாரங்களுக்குள் அடர்த்தியாகச் செலவிடச் சொல்கிறது. மற்றொன்று அதை நெடுங்காலத்துக்குப் பரப்பச் சொல்கிறது. முயற்சியே வேண்டாம் என்று இரு கட்சியாரும் சொல்லவில்லை. எதன்மேல் அம்முயற்சியை முதலில் வைப்பது என்பதிலேதான் பிணக்கு. நம் மாணவர் பல்லைக் கடிக்கும்போது முயற்சியை வைப்பது தாடையின்மேல்!

வேடிக்கை என்னவெனில், இரு கட்சியாரும் ஆதாரங் காட்டியது ஒரே நூலை. ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து புத்தகோசர் இயற்றிய விசுத்திமக்கமே அது. இவர் தமிழ்நாட்டுக் காஞ்சியில் வாழ்ந்ததை இவருடைய உரைநூலொன்றின் முடிவுரை கூறுகிறது. ஆகவே நமக்கும் இவர் முற்றிலும் அந்நியரல்லர்.

முயற்சியின் அளவைப் பற்றிப் புத்தகோசர் கூறும் உவமைகள் பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும். மரமொன்று பூத்திருப்பதை அறிந்து புறப்படுகிறது ஒரு தேனீ. வேகம் மிகுந்து மரத்தைக் கடந்து போய்விடுகிறது. திரும்பி வருவதற்குள் மகரந்தம் தீர்ந்துவிடுகிறது. மந்தமான தேனீ மெல்லப் போய்ச் சேரும்போதும் அதே கதி. அளவறிந்து பறந்த தேனீக்கே பலன். இன்னொன்று, சத்திரவைத்திய மாணாக்கரின் பரீட்சை. தட்டிலுள்ள நீரிலே தாமரை இலையை மிதக்கவிட்டு அதன்மேற் கத்தியாற் கீறச் சொல்கிறார் ஆசிரியர். கெட்டித்தனத்தைக் காட்ட விரும்பியவன் இலையை இரண்டாகப் பிளக்கிறான், அல்லது நீருள் அமிழ்த்திவிடுகிறான். அஞ்சியவன் இலையைத் தொடவே மாட்டான். மூன்றாமவன் கீறல் மட்டும் விழச்செய்கிறான். கடலோடியின் உவமையும் உண்டு: கடுங்காற்றிற் பாய் முழுவதையும் விரித்தவன் மரக்கலம் திசைதப்பும், இளங்காற்றிற் பாயை இறக்கியவன் கலம் நின்ற இடத்திலேயே நிற்கும்.

அந்தத் தாமரை இலையை நாம் ஒரு நாள் வீட்டிலேயே சோதித்துப் பார்த்தோம். தாமரை இலைக்குப் பதில் வாழையிலைத் துண்டு. தட்டுக்குப் பதில் குளிக்கும் வாளி. இலை முதல் முறையே கிழிந்தது. இரண்டாம் முறை கத்தி இலையைத் தொட்டதோ என்று நமக்கே ஐயம்.

இவ்வுவமைகளுக்கெல்லாம் மூத்தது சோணரின் வரலாறு. சம்பா நகரத்துச் செல்வரின் மகனாகிய சோண கோலிவிசர் மென்மையாக வளர்ந்தவர். துறவு பூண்டு இராசகிருகத்தருகே தங்கி, உலாவித் தியானஞ் செய்தபோது, பாதம் வெடித்துக் குருதி கசியும் வரை நடந்தார். பலன் காணாமையால், வீடு திரும்பிச் செல்வத்தை அனுபவித்து அறஞ்செய்தால் என்ன என்று எண்ணினார். அவர் இல்லறத்தில் வீணை வாசித்தவர் என்பதை அறிந்த புத்தர், நரம்பை மிகையாக முறுக்கினால் நாதம் பிறக்குமா, தளர விட்டாற் பிறக்குமா என வினவினாராம். இரண்டிலும் பிறவாது என்று சோணரே விடை கூறினார். புத்தர் அவருக்கு வழங்கியது உபதேசம் மட்டுமன்று. காலணி அணியவும் அனுமதித்தார். தமக்கு மட்டும் என்றால் ஏற்கமாட்டேன் எனச் சோணர் மறுக்கவே, பிக்குகள் அனைவருக்கும் அவ்வனுமதி கிடைத்தது. குருதி கசிந்த காலுக்கு முதலிற் செருப்பு வேண்டும் என்பதை அந்த ஆசான் மறக்கவில்லை. நமக்கு இக்கதையில் மிகவும் பிடித்த பகுதி இதுவே.

ஆனந்தரின் கதை இன்னும் வியப்பானது. புத்தர் மறைந்தபின் கூடிய முதற் சங்கத்திலே, முழுவிடுதலை பெற்ற அருகதருக்கே இடம். புத்தரின் சொற்களை மிகுதியாக நினைவில் வைத்திருந்த ஆனந்தரோ இன்னும் அந்நிலையை எய்தவில்லை. கூட்டம் மறுநாள். இரவு முழுதும் உலாவித் தியானஞ் செய்தார். விடியல் நெருங்குகையில், தம் முயற்சி மிகையாகிவிட்டது என உணர்ந்து, சற்றே சாயலாம் என்று படுக்கையிற் சரிந்தார். கால் தரையை விட்டு எழுந்துவிட்டது. தலை இன்னும் தலையணையைத் தொடவில்லை. அந்த இடைப்பொழுதிலே விடுதலை வாய்த்தது என்கின்றன நூல்கள். அப்படியானால் முதலிலேயே படுத்திருக்கலாமே என்று நம் மாணவர் இடைமறித்துக் கேட்டார். படுத்தவர் எல்லாரும் ஆனந்தராகிவிடுவதில்லை. அவர் அதுவரை பல ஆண்டு உழைத்திருந்தார்.

தாயார் சொன்ன 'சும்மா இருத்தல்' இங்கேதான் வருகிறது. தமிழருக்கு இச்சொல் புதிதன்று. திருச்சிராப்பள்ளியில் அரச அலுவல் பார்த்தவர் என்று கூறப்படும் தாயுமானவருக்கு அவர் குருவாகிய மௌனகுரு அருளிய உபதேசம் இதுவே. ஆயினும் அக்குரு அவரை அன்றே துறவியாக்கவில்லை. இல்லறத்தை நடத்தி முடித்து வருமாறு பணித்தார் என்பர். யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளின் வரலாறு நமக்கு இன்னும் அண்மையது. 1872இற் பிறந்து, கிளிநொச்சியில் நீர்ப்பாசனத் திணைக்களக் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவர். செல்லப்பா சுவாமிகளின் ஆட்பட்டு வேலையைத் துறந்தவர். கொழும்புத்துறையில் ஓர் இலுப்பை மரத்தடியில் வெயிலிலும் மழையிலும் ஆண்டுக்கணக்கில் இருந்தார். 1964இல் மறையும்வரை தம்மை நாடி வந்த வழக்கறிஞருக்கும் கமக்காரருக்கும் மாணவருக்கும் 'சும்மா இரு' என்றார். அச்சொல்லின் பின்னால் அந்த இலுப்பை மரமும் அத்தனை மழையும் இருக்கின்றன. அதனை வெறும் ஓய்வாக எடுத்துக்கொள்ளுதல், செல்வந்தர் ஒருவர் பணம் பெரிதன்று என்பதைக் கேட்டு வெறுங்கையோடு சந்தைக்குப் போவதை ஒக்கும்.

திருவண்ணாமலை இரமணரையும் இங்கே நினைக்கலாம். 1896இற் பதினாறு வயதில் அங்கு சென்று, பாதாளலிங்கக் குகையிற் பூச்சிகள் தொடையை அரிப்பதும் அறியாமல் அமர்ந்திருந்தவர். அதற்கு அவர் முயன்றதாகத் தெரியவில்லை. ஆனால், முயற்சி வேண்டுமா என்று கேட்ட அன்பருக்கு, முயற்சியற்ற நிலை கைவரும்வரை முயற்சி வேண்டியதே என்னும் கருத்துப்பட விடையளித்தார். தமக்கு எளிதில் வாய்த்தது பிறர்க்கும் அப்படியே வாய்க்கும் என்று அவர் சொல்லவில்லை.

முயற்சியா, அருளா என்னும் இவ்வழக்கு வைணவரை இரு கலைகளாகவே பிரித்துவிட்டது. குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும் என்பர் வடகலையார். பூனைக் குட்டியைத் தாயே கவ்விச் செல்லும் என்பர் தென்கலையார். பூனைக் குட்டியும் கவ்வப்படும்போது துள்ளாமல் உடலைத் தளர்த்தி வைத்திருக்கிறது என்பதை வீட்டிற் பூனை வளர்ப்போர் கண்டிருப்பர். அது முயற்சியா, முயற்சியின்மையா என்று நாம் தீர்ப்புச் சொல்லமாட்டோம்.

ஜப்பானியச் சென் மரபிலும் இதே பிரிவு உண்டு. ரின்சாய் நெறியார் விடுகதை போன்ற வினாவொன்றைப் பற்றிக்கொண்டு மனத்தை முட்டுச்சுவர்வரை தள்ளுவர். சோட்டோ நெறியார் வெறுமனே அமர்வர். பதஞ்சலியாரோ இரண்டையும் ஒரே நூலில் வைத்தார். இடைவிடாப் பயிற்சியையும் பற்றின்மையையும் ஒருங்கே கூறிய அவர், ஆசனத்தைப் பற்றிப் பேசும் இடத்திலே, முயற்சியைத் தளர்த்துவதால் அது கைகூடும் என்கிறார். யோகமென்றால் உடம்பை முறுக்குவது என்று எண்ணும் இளைஞர், அச்சிறு சூத்திரத்தைப் படிப்பது நலம். பாடப்புத்தகங்களை அடுக்கிவைத்துப் படிக்கும் பிள்ளைக்கும் அது பொருந்தும்.

மேல்நாட்டு மருத்துவரும் இப்பொருளை ஆராயத் தொடங்கி அரை நூற்றாண்டாயிற்று. ஹார்வர்ட் மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் 1975இல் எழுதிய நூலில், சொல்லொன்றைத் திரும்பத் திரும்ப உருவிடுகையில், நன்றாகச் செய்கிறோமா என்ற கவலையை விட்டிருப்பதே இன்றியமையாதது என்றார். 1979இல் அமெரிக்க மருத்துவமனையொன்றிற் பயிற்சி தொடங்கிய ஜோன் கபாட்-சின் என்பாரும், எதையாவது அடைந்தே தீரவேண்டும் என்று முனையாதிருத்தலை அடிப்படைகளுள் ஒன்றாக வைத்தார். இவற்றோடு ஓர் எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்லவேண்டும். தியானத்திற் கடும் முனைப்புச் சிலருக்கு உறக்கமின்மையையும் பதற்றத்தையும் தருவதுண்டு. மனநோய்க்குச் சிகிச்சை பெறுவோர் வைத்தியரைக் கேளாமல் நீண்ட மௌன முகாம்களுக்குப் போகலாகாது. பிள்ளைக்குத் தலைவலி நீடித்தால் முதலிற் கண்ணைப் பரிசோதிக்க வேண்டும்; தலைவலிக்குக் காரணம் தியானம் அன்றி மூக்குக்கண்ணாடியாகவும் இருக்கலாம்.

நாம் மாணவருக்குச் சொன்னது புத்தகோசரிடமிருந்து எடுத்த மிகச் சிறிய பயிற்சியொன்று. மூச்சை எண்ணுவது, ஐந்துக்குக் குறையாமலும் பத்துக்கு மேற்படாமலும் எண்ணுவது. ஐந்துக்குக் குறைந்தால் நெருக்கமான தொழுவத்து மாடுகள்போல மனம் இடிபடும்; பத்தைத் தாண்டினால் மனம் மூச்சை விட்டு எண்ணையே பற்றிக்கொள்ளும் என்கிறார் அவர். முதலிலே தானியம் அளப்பவன் போல மெதுவாக எண்ணவேண்டும். நம் ஊர்க் களத்திற் படி அளப்பவர் முதற் படியை 'லாபம்' என்று சொல்லி நிறுத்தி அடுத்ததற்குப் போவாரே, அந்த நிதானம். பழகியபின், பட்டி வாசலில் உட்கார்ந்து வெளியேறும் ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு கூழாங்கல்லைப் போடும் இடையனைப் போல விரைவாக எண்ணலாம். இடையன் மாட்டை இழுப்பதில்லை. வாசலுக்கு வந்ததை எண்ணுகிறான். மனம் மூச்சோடு தானே ஒட்டிக்கொண்டதும் எண்ணுவதையும் விட்டுவிடவேண்டும்.

பத்து நாள் கழித்து அவர் வந்தார். தாயாரும் கூட வந்திருந்தார்.

"ஐயா, இன்று விடியற்காலை ஏழு எண்ணிக்கொண்டிருக்கையில் இரயில் போயிற்று. வழக்கமாக எரிச்சல் வரும். அது போய் முடியும்வரை கேட்டுக்கொண்டே இருந்துவிட்டேன்."

"தலைவலி?"

"அதைக் கவனிக்க மறந்துபோனேன். ஆனால் ஒரு சந்தேகம். இரயில் போனபின் எட்டிலிருந்து தொடருவதா, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவதா?"

"இதற்குத்தான் சும்மா இரு என்றேன்" என்றார் தாயார். நமக்கும் உடனே விடை தோன்றவில்லை. புத்தகோசரை மறுபடி புரட்டிப் பார்த்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டோம்.